ஒருமுனை இணைப்பு

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற பாளையங்கோட்டையில்
பீரோவைக் குடைந்து சுவெட்டரை எடுத்தேன்.
கொடைக்கானல் போனபோது வாங்கியது.
அன்று பொத்தான் எட்டவில்லை.
பதினோரு வருஷம் அந்துருண்டை வாசத்தில் கிடந்துவிட்டு
இப்போது என்னைச் சுற்றி
இன்னொருத்திக்கும் இடம் விட்டுத் தொங்குகிறது.

"எக்கா, ஒங்களுக்கு மட்டும் மார்கழியா?"
கவுண்டரிலிருந்து முப்பிடாதி கேட்கிறாள்.

மின்வாரிய அலுவலகத்தில்
என் தலைக்கு நேர் மேலேதான் அந்த விசிறி.
அதற்காக எத்தனை சண்டை!
நாற்காலியின் நாலு காலையும் தரையில் சாக்பீஸால் வரைந்து
யாரும் ஓரங்குலம் நகர்த்தாமல் காத்தவள் நான்.
போன வாரம் அந்த இடத்தை
பத்திரம் எழுதிக் கொடுப்பதுபோல் முப்பிடாதிக்குக் கொடுத்துவிட்டு
வெயில் விழுகிற ஜன்னல் மூலைக்குப் போனேன்.
சுடுகிற கம்பியில் இடது கையை வைத்துக்கொண்டு
நிலுவைப் பட்டியல் பார்த்தேன்.

மதுரையில், ஏசி அறையில், டாக்டர் சிரித்தார்.
நாற்பத்தாறு கிலோ போயிருக்கு, சூடும் கொஞ்சம் போகத்தானே செய்யும் என்றார்.
ரத்தம் எடுக்கச் சொன்னார், இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்.
எனக்கு என் பாஷையில்தான் விளங்கியது.
மும்முனை இணைப்பை ஒப்படைத்துவிட்டு
ஒருமுனைக்கு மாறிய வீடு.
விளக்கெல்லாம் எரியும்.
மோட்டார் மட்டும் போடக் கூடாது.

பாபநாசத்தில் ஆற்றைவிட்டு
கடைசியாகக் கரையேறுவது எப்போதும் நான்தான்.
இந்த முறை கணுக்கால் நனைந்ததுமே பல் தந்தியடித்தது.
தங்கச்சி பிள்ளைகள் நீந்தி முடிக்கும்வரை
காய்ந்த பாறையில் ஓணான்போல ஒட்டிக் கிடந்தேன்.

உறக்கமும் வேறு.
முன்பு மூன்று தலையணையில் சாய்ந்து
பாதி உட்கார்ந்தபடி உறங்குவேன்.
என் குறட்டை தெரு நாய்களுக்குப் பழக்கம்.
ஜெயசிங் பத்து வருஷமாகக் கூடத்தில் பாய் விரித்தார்.
இப்போது மல்லாந்து படுக்க முடிகிறது.
ஒருக்களித்தால் முழங்காலும் முழங்காலும் இடித்துக்கொள்கின்றன,
நடுவில் துண்டு மடித்து வைக்கிறேன்.
பத்து மணிக்குக் கண் சொருகும்.
இரண்டரைக்குக் குளிர் எழுப்பிவிடும்.
கால்விரல்கள் வேறு யாரோ மறந்துவிட்டுப் போனவை மாதிரி இருக்கும்.
அப்போதுதான் தூரத்தில் ரயில் கூவும்.
இந்த வீட்டில் ரயில் சத்தம் கேட்கும் என்பதே
இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

ஜெயசிங் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார்.
அவருக்கு வியர்க்கும்.
மேசை விசிறி அவர் பக்கம், போர்வை என் பக்கம்,
நடுவில் எல்லைக்கல்லாய் ஒரு தலையணை.
ஆனால் அவர்தான் உறங்குவதில்லை.
இருட்டில் என் மூக்குக்குக் கீழே
ஒரு விரல் வந்து நிற்கும்.

"என்ன செய்தீய?"
"சத்தமே இல்லையேட்டி. இருக்கியான்னு பாத்தேன்."

ஒரு ராத்திரி விளையாட்டுக்கு மூச்சைப் பிடித்தேன்.
விளக்கு எரிந்தது. தோளைப் பிடித்து உலுக்கிய கை
வெகுநேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.
இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் வெந்நீர்ப் பை ஒன்றை வாங்கி வந்து
மேசைமேல் வைத்தார். அப்போதும் பேசவில்லை.

நேற்று இரண்டரைக்கு விழித்தபோது
அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.
கண்ணை மூடினேன்.
தொண்டையைத் திரட்டி
பழைய குறட்டையில் இரண்டு, பொய்யாக.
சரியாக வரவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது.
மூன்றாவது வந்தது.

அவர் மூச்சு நீண்டது. புரண்டு படுத்தார்.
தலையணையை எடுத்துவிட்டு
பனிக்கட்டி மாதிரி இருந்த இரண்டு பாதங்களையும்
அவர் முதுகில் வைத்தேன்.
தூக்கத்திலேயே ஒருமுறை சிலிர்த்தார்,
நகரவில்லை.